தீவகத்தின் தலைக்கணக்கு: உசாத்துணைக் கட்டுரைகளிற் குடித்தொகைச் சான்றுகள்

செய்யுளடி ஒன்றைப் பதிப்பிக்கும்போது ஏட்டுப் பிரதிகளின் பாடபேதங்களை நுணுகி ஒப்புநோக்கும் ஆய்வாளர்கூட, ஓர் ஊரின் குடித்தொகையைக் குறிப்பிடும்போது கைக்கெட்டிய எண்ணை அப்படியே எடுத்தாள்வதுண்டு. யாழ்ப்பாணத் தீவகம் பற்றிய கலைக்களஞ்சியக் குறிப்புகளிலும் ஊர் வரலாறுகளிலும் விழா மலர்களிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். இதனை வெறும் கவனக்குறைவு எனத் தள்ளிவிட முடியாது. எண்ணும் ஒரு பிரதியே. அதற்கும் ஆக்கியோன், காலம், நோக்கம் என்பன உண்டு.

முதலில் எழுவது இடப்பெயர்ச் சிக்கலாகும். ஊர்காவற்றுறை என்பது துறைமுகப் பட்டினத்தையும் பிரதேச செயலர் பிரிவையும் ஒருங்கே குறிக்கும். அதற்குரிய ஆங்கிலப் பெயரான 'கயிற்ஸ்' என்பதோ, ஒல்லாந்தர் லெய்டன் என அழைத்த முழுத் தீவுக்கும் வழங்குகின்றது. ஆயின் நிருவாகத்தில் அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைப் பிரிவில் அடங்க, அதே தீவிலுள்ள வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு ஆகியவற்றுடன் சேர்ந்து வேறொரு பிரிவாகின்றது. நெடுந்தீவிலோ தீவும் பிரிவும் ஒன்றாயமைகின்றன. எனவே, எல்லை குறிக்காத எண் எதனையும் சுட்டாத எண்ணாகும்.

எல்லைகள் காலத்தோடு மாறுவன என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகை 830,552. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அப்பகுதியின் 91,764 பேரை நீக்கின் 1981இன் தொகை 738,788 ஆகும். 2012இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகை 583,882. முதலெண்ணோடு ஒப்பிடுவோர் 246,670 பேர் குறைந்தனர் என்பர். உண்மையிற் குறைந்தது 154,906. இரண்டும் அரச வெளியீடுகளிலிருந்தே பெறத்தக்க முடிவுகள் எனினும், ஒன்று பிழையானது.

'அண்மைய எண்ணே சிறந்த எண்' என்னும் விதியும் இங்கு போதாது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வடக்கில் முழுமையாக நடைபெறவில்லை. எனவே 1981க்கும் 2012க்கும் இடைப்பட்ட 31 ஆண்டுகளுக்கு யாழ்ப்பாணத்தின் முழுமையான குடிசன மதிப்பு எதுவும் இல்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளின்போது வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தமை இவ்விடைவெளிக்குள்ளேதான் நிகழ்ந்தது. 1981இன் எண்ணை நிகழ்கால வினையில் எழுதுவோர் இப்பேரிழப்பை மறைக்கின்றனர். 2012இன் எண்ணையோ 2024இன் எண்ணையோ மட்டும் இட்டு முன்னையதை அழிப்போர், அவ்வெறுமையை இயற்கையானதாக்கிவிடுகின்றனர். இரண்டாவது தவறு 'இற்றைப்படுத்தல்' என்னும் நற்பெயருடன் வருவதால் எளிதிற் புலப்படுவதில்லை.

வாக்காளர் இடாப்பைக் குடித்தொகைக்குச் சான்றாகக் கொள்வதும் பொருந்தாது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 2010ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலின்போது பதிவுபெற்றோர் 721,359, 2015இல் 529,239. ஐந்தாண்டுகளில் அத்தனை பேர் மறைந்துவிடவில்லை. ஊரில் இல்லாதோரின் பெயர்கள் இடாப்பிலிருந்து நீங்கின. பாராளுமன்றத்தில் அம்மாவட்டத்துக்குரிய ஆசனங்கள் 2010இல் 9 ஆகவும், 2015இல் 7 ஆகவும், 2024இல் 6 ஆகவும் அமைந்தன. எண்ணுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்புக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வர்க்கங்களை விலக்கிய குடித்தொகை வெறும் அருவக் கருத்தே என 1857இல் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். ஆயினும் அவர் புள்ளிவிபரங்களை ஒதுக்கவில்லை. பிரித்தானிய அரசின் நீலப் புத்தகங்களையே 'மூலதன'த்துக்குச் சான்றாக்கினார். தீவகத்தைப் பொறுத்தவரை, கொழும்புக்கும் கடல் கடந்தும் செல்லும் வசதி பெற்றோர் யார், கடலையும் கூலியையும் நம்பித் தங்கியோர் யார் என்பன மொத்தத் தொகை விடையளிக்காத வினாக்கள். அவற்றைக் கேட்பதற்கேனும் அத்தொகை செம்மையாக இருத்தல் வேண்டும்.

ஆகவே, உசாத்துணைக் கட்டுரையில் இடம்பெறும் ஒவ்வோர் எண்ணும் நான்கு விபரங்களை உடன்கொண்டு வருதல் இன்றியமையாதது: எண்ணிய ஆண்டு, எண்ணப்பட்ட நிலப்பரப்பு, எண்ணிய நிறுவனமும் முறையும், முதனிலைத் தொகையா, இறுதித் தொகையா என்பது. எண்ணும் நாளில் அங்கிருந்தோரா, வழமையாக வசிப்போரா கணக்கிடப்பட்டனர் என்பதும் முறையுள் அடங்கும். தீவகத்தைப் பற்றி எழுதுவோர் 1981இன் தொகையையும் அதற்குப் பிந்திய தொகையையும் அருகருகே வைத்து, இடையில் நடந்ததை ஒரு வாக்கியத்திலேனும் கூறுதல் வேண்டும். ஊரைவிட்டுப் போனவர்களும் அவ்வூரின் வரலாற்றுக்கு உரியவர்களே.