மண்டபச் சாவியும் கேள்வி நேரமும்

இலங்கையில் மாணவர் ஒன்றியம் நிர்வாகம் மனமிரங்கிக் கொடுத்த சலுகை அல்ல. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்திலேயே அதற்கு இடமுண்டு. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ ஒரு கருத்தரங்கு வைக்க நினைக்கும் மாணவருக்கு வழி தெரியும்: ஒன்றியத்தில் பேசி, விரிவுரையாளரான சிரேஷ்ட பொருளாளரிடம் கையொப்பம் வாங்கி, மண்டபத்துக்கு விண்ணப்பிப்பது. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் இந்த முதற்படியே இல்லை. மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பேரவை கிடையாது. கடிதம் துறைத் தலைவரிடமிருந்து முதல்வர் மேசைக்கு ஏற வேண்டும். பேச வருகிறவரின் பெயரில் அரசியல் வாடை அடித்தால் அங்கேயே கிடக்கும். கல்ச்சுரல்ஸுக்குத் திறக்கிற அரங்கம் விவாதத்துக்குத் திறப்பதில்லை.

மாணவர் எழுச்சியின் அலையில் ஆட்சி மாறிய மாநிலம் இது என்பதுதான் விநோதம். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டாண்டு கழித்து நடந்த தேர்தலில் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். ஆனால் 2013 மார்ச்சில் ஈழத்தமிழருக்காக லயோலா மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலமெங்கும் பரவியபோது, அரசு செய்தது கல்லூரிகளை மூடியதுதான். 2017இல் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடியது மெரினாவில். கல்லூரி வாசல் அடைபட்டிருந்தால் கூட்டம் கடற்கரைக்குத்தான் போகும்.

சென்னை ஐஐடியில் 2014இல் தொடங்கிய அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் கதை இன்னும் துலக்கமானது. அதன்மீது பெயரில்லாத புகார் ஒன்று மத்திய அமைச்சகம் வழியாக வந்தது. 2015 மே மாதம் அங்கீகாரம் பறிபோனது. நாடெங்கும் எதிர்ப்பு எழ, ஜூன் மாதமே திரும்பக் கிடைத்தது. நிர்வாகத்தின் தயவில் நடக்கிற எந்த வட்டத்துக்கும் இதுதான் நிலைமை: ஒரு கடிதத்தில் பிறக்கும், இன்னொரு கடிதத்தில் இறக்கும்.

இந்தியாவிலேயே இதற்கு நேரெதிரான இடம் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். அங்கே மாணவர் சங்கத் தேர்தலை நடத்துவது மாணவர்களே அமைக்கும் தேர்தல் ஆணையம். வாக்குப்பதிவுக்கு முன் ஓர் இரவு தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் எல்லோரும் ஒரே மேடையில் ஏறுவார்கள். பேசிவிட்டு இறங்கிவிட முடியாது. ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பார்கள். பிறகு கூட்டத்திலிருந்து வரும் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். விடுதி மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசைகளை ஒதுக்கிவிட்டுக் கூட்டம் போடுவது அங்கே பழைய வழக்கம். பிரதமர் பதவியை இழந்தும் வேந்தராக நீடித்த இந்திரா காந்தியை அருகில் நிற்க வைத்தே, அவர் விலக வேண்டும் என்ற தீர்மானத்தை 1977இல் மாணவர் தலைவர் சீத்தாராம் யெச்சூரி வாசித்தார், இந்திராவும் விலகினார். இந்தத் துணிச்சலுக்கு அந்த மெஸ் மேசைகளில் கிடைத்த பயிற்சியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

2006இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன, மாணவர் தேர்தல்களுக்கான லிங்டோ குழு விதிகள், வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சிட்ட சுவரொட்டி கூடாது என்றன. பணபலத்துக்குக் கடிவாளம் என்ற அளவில் நல்லதுதான். ஆனால் அந்த விதிகளைச் சொல்லியே, பணம் புழங்காத நேரு பல்கலைக்கழக வளாகத்தில் 2008 முதல் 2012 வரை தேர்தல் நின்றுபோனது. அங்கும் கல்விக் கட்டிடங்களுக்கு அருகே தர்ணா நடத்தினால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2023இல் விதி வந்தது.

எங்கள் பக்கத்துக் குறை வேறு. இலங்கையில் மாணவர் ஒன்றியங்களுக்கு ஆட்களைத் திரட்டும் பலம் உண்டு. 2022இன் அரகலய மக்கள் போராட்டத்தில் நாடே அதைக் கண்டது. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே அந்த ஆகஸ்டில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைக்கப்பட்டதையும் கண்டது. யாழ்ப்பாண வளாகத்தில் 2021 ஜனவரியில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டபோது, மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து சில நாட்களில் மீண்டும் அடிக்கல் நாட்ட வைத்தார்கள். வெளியே நிற்கும் அதிகாரத்தைக் கேள்வி கேட்க எங்கள் மாணவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உள்ளே ஒருவரை ஒருவர் கேட்பதுதான் கிடையாது. போட்டியின்றித் தெரிவாகும் ஒன்றியங்கள் புதுமையல்ல. கவனயீர்ப்புப் போராட்டத்துக்கு முதலாம் வருடத்தார் வரிசையாக வந்து நிற்பது விருப்பத்தாலா, சிரேஷ்டர்களுக்குப் பயந்தா என்று பல வேளைகளில் பிரித்தறிய முடியாது. பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்தும் அந்தப் பயம் போகவில்லை.

உள்ளே கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். 1988இல் யாழ். பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் மனித உரிமை அமைப்பொன்றைத் தொடங்கி, அரச படை, இந்தியப் படை, இயக்கங்கள் என்று எல்லாத் தரப்பின் குற்றங்களையும் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு வந்த மௌனத்துக்குச் சோம்பலைக் காரணம் சொல்வது அநியாயம்.

ஆனாலும் உள்ளே கேள்வி கேட்பதை இன்று தொடங்கலாம். தில்லியின் தேர்தல் விவாத இரவை அப்படியே கொண்டுவந்தால் போட்டியில்லாத தேர்தலில் மேடை வெறுமையாகக் கிடக்கும். ஆகவே பீட அளவில், ஒன்றியத்தின் கணக்கறிக்கையையும் வகுப்புப் பகிஷ்கரிப்பு முடிவுகளையும் வைத்துக் கேள்வி நேரத்தை ஆரம்பிப்பது நடைமுறைக்கு ஏற்றது. யாழ்ப்பாணத்தில் சிங்கள மாணவர்களும் படிப்பதால் மொழிபெயர்ப்புக்கு ஒருவரை வைக்க வேண்டும். தலைமை தாங்குபவர் ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். முதல் தலைப்பாகப் பகிடிவதையையே வைத்து, முதலாம் வருடத்தாரின் கேள்விகளைப் பெயர் எழுதாத துண்டுகளில் வாங்கலாம்.