கடலைச் சட்டையும் மாம்பழச் சட்டையும்

ஆறு வயது மகளுக்காகத் திருப்பூரில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் இரண்டு டி-ஷர்ட் அடித்து வாங்கினேன். ஒன்றில் வேரோடு பிடுங்கிய நிலக்கடலைச் செடி. இன்னொன்றில், தொட்டால் நிறம் மாறும் மாங்காய். தட்டில் வைக்கிற சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதை உடுத்திக்கொண்டே தெரிந்துகொள்ளட்டும் என்பது என் எண்ணம். மார்ச் தொடங்கி மே முடியும் வரை, மாற்றி மாற்றி உடுத்தித் துவைத்துப் பார்த்தாயிற்று.

கடலைச் சட்டையை முதலில் டிடிஎஃப் முறையில் அடித்தார்கள். படத்தை பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடித்து, மேலே பசைப்பொடி தூவி உருக்கி, துணிமேல் வைத்து 160 டிகிரி அளவுச் சூட்டில் சில நொடி அழுத்துகிறார்கள். ஆறியபின் ஃபிலிமை உரித்தால் படம் துணியில் ஒட்டி நிற்கிறது. ஒரே ஒரு சட்டை என்றாலும் அடித்துத் தருவார்கள், எத்தனை நிறம் வேண்டுமானாலும் போடலாம். முதல் நாள் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் படம் இருக்கும் இடத்தில் காற்று புகாது. மே மாத வெயிலில் விளையாடிவிட்டு வந்தபோது, நெஞ்சில் செடியின் அளவுக்கே வியர்வை கோத்திருந்தது.

அதைவிடப் பெரிய கோளாறைக் கண்டுபிடித்தது என் அம்மா. பேத்தியை மடியில் இழுத்து உட்காரவைத்துச் சட்டையைத் தடவிப் பார்த்தவர், “கடலை வேர்ல காய்க்காது கண்ணு. பூத்ததுக்கப்புறம் விழுது எறங்கும். அது மண்ணுக்குள்ள போய்த்தான் காய் புடிக்கும்” என்றார். நான் இணையத்தில் எடுத்த படத்தில் வேர் முடிச்சுகளைப் போலக் காய்கள் வேரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பதே இறங்குகிற விழுதுக்காகத்தான். அதைப் பார்த்து வளர்ந்த நானே கவனிக்கவில்லை. புத்தகத்தில் ஒரு படம் தப்பாக இருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். சட்டையில் இருக்கும் தப்பைக் குழந்தை தெருவெல்லாம் காட்டிக்கொண்டு நடக்கிறாள்.

படத்தைத் திருத்தி வரைந்து இரண்டாவது சட்டை அடித்தோம். இருபது முறை துவைத்திருப்போம். தடித்த இலைகள் அப்படியே இருக்க, மெல்லிய கோடாக வரைந்த விழுதுகள்தான் முதலில் உரியத் தொடங்கின. காய்கள் செடியோடு தொடர்பில்லாமல் தனியாக நின்றன. எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்தோமோ, சரியாக அதுவே போய்விட்டது. டிடிஎஃப்பில் போடுவதானால் மெல்லிய கோடுகளைக் கொஞ்சம் தடிப்பாக வரைந்து கொடுங்கள். உள்புறம் வெளியே வரும்படி திருப்பித் துவைப்பதும் உதவும்.

இன்னொன்றும் கவனித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு குனிந்து பார்க்கிற குழந்தைக்குப் படம் தலைகீழாகத் தெரிகிறது. “அப்பா, கடலை மேல காய்க்குதா?” என்று அவள் கேட்டபோதுதான், இத்தனை நாளும் படத்தை எதிரே நிற்கிற பெரியவர்களுக்காகப் போட்டிருக்கிறோம் என்று உறைத்தது. மூன்றாவது சட்டையில் செடியைத் தலைகீழாக அடித்து, காய்களை மட்டும் கீழ் மடிப்பின் உள்பக்கம் போடச் சொன்னேன். இப்போது சட்டை நுனியைப் பிடித்துத் தூக்கினால் செடியைப் பிடுங்கியது போலக் காய்கள் தெரிகின்றன. வீட்டுக்கு யார் வந்தாலும் பிடுங்கிக் காட்டுகிறாள். இதை நீர் சார்ந்த மையில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்தோம். மை நூலுக்குள் இறங்கிவிடுவதால் தொட்டால் துணியாகவே இருக்கிறது, வியர்வையும் தங்கவில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஃபிரேம் செய்ய வேண்டும் என்பதால் ஒரு சட்டைக்குக் கட்டாது. எங்கள் தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து இரண்டே நிறத்தில் அடித்தோம்.

மாம்பழச் சட்டையில் மஞ்சள் மாம்பழத்தின் மேல் வெப்பத்தில் மறையும் நீல மையைப் பூசியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து பச்சையாகத் தெரியும். 31 டிகிரியைத் தாண்டினால் நீலம் மறைந்து மஞ்சள் மட்டும் நிற்கும். கை வைத்தால் காய் பழமாகும். மார்ச் மாதக் காலைகளில் இது நன்றாகவே வேலை செய்தது. மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் தானாகவே பழுத்து, இரவுவரை பழமாகவே இருந்தது. ஐஸ் தண்ணீர் டம்ளரை வைத்து அழுத்தினால் மறுபடி பச்சை. அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “அப்பா, பழத்த ஃபிரிட்ஜ்ல வெச்சா திரும்பக் காய் ஆயிருமா?” மை போன வழியே திரும்பி வரும், பழம் அப்படி வராது. சரியாகப் படம் போட்டும் தப்பான பாடம் சொல்கிற சட்டை இது. வேடிக்கைக்கு வாங்கலாம், சொல்லிக்கொடுக்க வேண்டாம். அதே மையில் வெயிலில் வாடும் கீரையையோ, நிழலில் விரியும் இலையையோ போட்டிருந்தால் பொருந்தியிருக்கும்.

துணி வாங்கும்போது சாயம் ஏற்றாத, நூலின் இயல்பான வெளிர் நிறத்திலேயே கேளுங்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை போன ஊர் இது. செடியைப் படமாகப் போடும் துணிக்கு அவ்வளவு அக்கறையாவது வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த வெளிர் நிறத்தில் பச்சையும் மண் நிறமும் நன்றாகவே எடுக்கின்றன.

அடுத்த சட்டைக்கு வாழை கேட்டிருக்கிறாள். தார் கீழே பார்த்துத் தொங்கும்போது காய்கள் ஏன் மேலே பார்த்து வளைகின்றன என்று அம்மா அவளிடம் கேட்டு வைத்திருக்கிறார். இந்த முறை இணையத்தில் படம் எடுக்கப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் நோட்டும் பென்சிலுமாகத் தோட்டத்துக்குப் போகிறோம்.