ரோபோடெட்: ரோபோ எங்கே இருந்தது?

ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' விவகாரம் பற்றி வந்த செய்திகளையும் கட்டுரைகளையும் கொஞ்ச நாளாகத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். கார்டியன் ஆஸ்திரேலியாவின் 2016 டிசம்பர் செய்திகளில் ஆரம்பித்து, ரிக் மார்டன் 2024-ல் எழுதிய 'மீன் ஸ்ட்ரீக்' புத்தகம் வரைக்கும். பெரும்பாலானவை நல்ல இதழியல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பத்திரிகைகள் தவறைச் சில வாரங்களிலேயே பிடித்துவிட்டன. ஆனால் திட்டம் நிற்க மூணு வருஷம் ஆச்சு. ஏன்?

விவகாரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை இல்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் உதவித்தொகை தரும் அரசு அமைப்பு சென்டர்லிங்க். தொகை வாங்குபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தங்கள் வருமானத்தைச் சொல்லணும், அதற்கேற்ப தொகை கூடும் குறையும். சொன்னது சரிதானா என்று பார்க்க வருமான வரித்துறையின் விவரத்தோடு ஒப்பிடுவார்கள். சிக்கல் என்னவென்றால், வரித்துறையிடம் இருப்பது வருஷக் கணக்கு. 2016-ல் முழுவீச்சில் வந்த புதிய முறை அந்த வருஷத் தொகையை 26-ஆல் வகுத்து, 'இரண்டு வாரத்துக்கு நீ இவ்வளவு சம்பாதித்தாய்' என்று எடுத்துக்கொண்டது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒருத்தர் ஆறு மாசம் வேலை பார்க்கிறார், இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர். 13 முறை, மொத்தம் 26,000. பிறகு வேலை போய்விடுகிறது. அடுத்த ஆறு மாசம் வருமானம் பூஜ்யம், அதை ஒளிக்காமல் அப்படியே சொல்லி உதவித்தொகை வாங்குகிறார். 26,000-ஐ 26-ஆல் வகுத்தால் 1,000. அதாவது வேலையே இல்லாத ஆறு மாசமும் இவர் இரண்டு வாரத்துக்கு ஆயிரம் டாலர் சம்பாதித்ததாகவும், அதை மறைத்ததாகவும் கணக்கு சொல்கிறது. வாங்கிய தொகையில் பெரும்பகுதி கடனாகத் திரும்ப வருகிறது. அதுக்கு மேல 10 சதவீதம் அபராதக் கட்டணம் வேற. இல்லை என்று நிரூபிக்க வேண்டுமா? சில வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டை நீங்களே தேடிக் கொண்டுவாருங்கள். முன்பெல்லாம் ஓர் அலுவலர் முதலாளியிடம் கேட்டு வாங்கிச் சரிபார்த்த வேலை இது. அந்த அலுவலரை எடுத்துவிட்டார்கள். மாற்றம் அவ்வளவுதான்.

மென்பொருள் துறையில் இருக்கிறவன் என்பதால் எனக்கு இந்தப் பெயரே எரிச்சல் தருகிறது. ரோபோவாம்! இதில் இயந்திரக் கற்றல் இல்லை, புரியாத கறுப்புப் பெட்டி எதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் போடுகிற வகுத்தல் கணக்கு. நிரல் சொன்னதைத்தான் செய்தது, அதில் 'பக்' என்று எதையும் காட்ட முடியாது. தப்பு தேவைகளை எழுதிய இடத்தில் இருக்கிறது. ஆனால் 'ரோபோடெட்' என்ற சொல் தலைப்புக்கு அழகாகப் பொருந்தியது, ஒட்டிக்கொண்டது. வாசகர் மனசுல பதிஞ்ச படம், கட்டுப்பாட்டை மீறி ஓடுகிற ஓர் இயந்திரம்.

இந்தப் படத்தால் அரசுக்குத்தான் லாபம் என்று நினைக்கிறேன். 2017 ஜனவரியில் நடந்த வாதத்தைப் பாருங்கள். கடிதம் கிடைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கடனே இல்லை என்று தெரிந்ததும், '20 சதவீதப் பிழை' என்று பத்திரிகைகள் எழுதின. அது பிழை இல்லை, விளக்கம் கேட்டோம், கொடுத்தார்கள், முடிந்தது என்றது அரசுத் தரப்பு. சமூக சேவைகள் அமைச்சர் கிறிஸ்டியன் போர்ட்டர் 1,69,000 கடிதங்களுக்கு வந்த புகார் வெறும் 276 என்று கணக்கு காட்டினார். விவாதம் முழுக்க 'இயந்திரம் எவ்வளவு துல்லியம்?' என்பதிலேயே சுற்றியது. அந்தக் கேள்விக்கு அரசு சுலபமாகப் பதில் சொல்லும்: கடிதத்தின் வாசகத்தை மாற்றுகிறோம், தொலைபேசி எண் போடுகிறோம், இணையதளத்தைச் சரிசெய்கிறோம். போட்டார்கள், சரிசெய்தார்கள். திட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஏப்ரலில் வந்த ஒம்புட்ஸ்மன் அறிக்கையும் நடைமுறைக் குறைகளைத்தான் பேசியது.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: சராசரியை வைத்து ஒருவரைக் கடன்காரர் என்று சொல்ல எந்தச் சட்டப் பிரிவு அனுமதிக்கிறது? இதுக்குப் பதில், எதுவும் இல்லை. அப்படிப் பார்த்தால் சராசரியை மட்டும் வைத்துப் போட்ட கடன்களில் பிழை 20 சதவீதம் இல்லை, 100 சதவீதம்.

இதைச் சொன்னவர் ஒருவர் இருந்தார். நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உறுப்பினர் டெரி கார்னி 2017 மார்ச்சிலேயே இது சட்டப்படி செல்லாது என்று முடிவு எழுதினார். ஆனால் அந்த முதல் நிலைத் தீர்ப்புகள் அப்போது வெளியிடப்படவில்லை. அரசு மேல்முறையீடு செய்திருந்தால் விஷயம் பொதுவெளிக்கு வந்திருக்கும், அதனால்தானோ என்னவோ, செய்யவே இல்லை. சுமார் 40 ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தவருக்கு அந்த ஆண்டே பதவி நீட்டிப்பு கிடைக்கவில்லை. 2018-ல் அவர் ஒரு சட்ட இதழில் வெளிப்படையாகவே எழுதினார். சட்டத்தின் வாயிலை ஒருவழியாகத் திறந்தது விக்டோரியா சட்ட உதவி அமைப்பு நடத்திய வழக்கு. 2019 நவம்பரில் அரசு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

பத்திரிகைகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. எதிர்ப்பக்கம் என்ன நடந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. தன் அனுபவத்தை எழுதிய ஒரு பெண்ணின் சென்டர்லிங்க் விவரங்கள் ஒரு பத்திரிகையாளருக்குப் போய்ச் சேர்ந்தன, அச்சிலும் வந்தன. இணக்கமான ஊடகங்களுக்கு எதிர்க்கதை கொடுப்பது அமைச்சர் ஆலன் டஜ் அலுவலகத்தின் உத்தியாகவே இருந்தது என்று அவருடைய ஊடக ஆலோசகர் பிறகு சாட்சியம் சொன்னார். உதவித்தொகை பெறுவோரின் தகவலை டஜ் ஊடகத்தில் பயன்படுத்திய விதம் அதிகார துஷ்பிரயோகம் என்று ராயல் கமிஷன் எழுதியிருக்கிறது. அதைக் கையில் வாங்கி அச்சிட்டவர்களும் பத்திரிகையாளர்கள்தானே? இந்தப் பகுதியைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது ரொம்பக் கம்மி.

ராயல் கமிஷன் 2022 ஆகஸ்டில் அமைந்தது. கேத்ரின் ஹோம்ஸ் தலைமை. அறிக்கை 2023 ஜூலை 7. இதற்குப் பிறகு வந்த எழுத்துதான் என் பார்வையில் உண்மையான புலனாய்வு. த சாட்டர்டே பேப்பருக்காக விசாரணையைத் தொடர்ந்து எழுதிய மார்டன், இயந்திரத்தை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பின்தொடர்கிறார். 2014 இறுதியிலேயே சமூக சேவைகள் துறையின் சொந்த வழக்கறிஞர்கள் இப்படிச் செய்ய முடியாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அமைச்சரவைக்குப் போன முன்மொழிவு சட்டத் திருத்தம் தேவையில்லை என்றது. 2018 ஆகஸ்டில் கிளேட்டன் அட்ஸ் என்ற பெரிய சட்ட நிறுவனமும் செல்லாது என்று சொன்னது, ஆனால் அது 'டிராஃப்ட்' நிலையிலேயே நின்றுவிட்டது. பிடபிள்யூசி நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் கொடுத்தார்கள், இறுதி அறிக்கை வரவே இல்லை.

இது எனக்கு நன்றாகப் புரிகிறது. 'ஃபைனல்' என்று பெயர் வைத்தால் பதில் சொல்லணும். டிராஃப்ட் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் இது தெரிந்த வித்தைதான். இங்கே அந்த டிராஃப்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது 4,33,000 பேர். அவர்கள் மேல் போட்ட செல்லாத கடன் 173 கோடி டாலர், வசூலித்தது 75 கோடி. இரண்டு தாய்மார்கள் கமிஷன் முன்னால் வந்து, கடன் கடிதத்துக்குப் பின் தற்கொலை செய்துகொண்ட தங்கள் மகன்களைப் பற்றிப் பேசினார்கள்.

மார்டனோடு எனக்கு முரண்பாடும் உண்டு. புத்தகத்தின் பெயரே குரூரத்தைக் குற்றம் சாட்டுகிறது. குரூரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் குரூரத்தைவிட அதிகம் விளக்குவது பட்ஜெட் என்பது என் கட்சி. இந்தத் திட்டத்தால் வரப்போகும் 'சேமிப்பு' 2015 பட்ஜெட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. பிறகு நிறுத்துகிறவர் அந்தப் பணத்தை வேறு எங்கிருந்தாவது கொண்டுவரணும். கெட்டவர்களை மாற்றிவிட்டு நல்லவர்களை உட்கார வைத்தாலும் இந்த அழுத்தம் அப்படியே இருக்கும். விசாரணைச் செய்திகள் பலவும் ஸ்காட் மாரிசன் என்ன சொன்னார், துறைச் செயலர் கேத்ரின் கேம்பல் எப்படி மழுப்பினார் என்று ஆட்களையே சுற்றி வந்ததில் இந்த நிதிக் கணக்கு பின்னால் போய்விட்டது.

ஊழல் தடுப்பு ஆணையம் 2024-ல் ஆறு பேரையும் விசாரிக்க மாட்டோம் என்றது. பிறகு அந்த முடிவிலேயே பாரபட்சம் இருப்பதாகத் தோன்ற இடமிருக்கிறது என்று அதன் மேற்பார்வையாளர் சொல்ல, 2025 பிப்ரவரியில் விசாரிக்க முடிவு செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசு இன்னும் 47.5 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

மார்டன் புத்தகத்தில் பெயர்களும் துறைச் சுருக்கங்களும் ஏராளம், பக்கத்தில் ஒரு தாள் வைத்துக் குறித்துக்கொண்டே படிக்கணும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் கமிஷனின் விசாரணை எழுத்துப்படிகளில் துறை வழக்கறிஞர்கள் சாட்சி சொன்ன நாட்களை மட்டும் எடுத்துப் படிக்கலாம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த ஆலோசனை யார் கைக்குப் போனது என்ற கேள்வி வரும்போதெல்லாம் பதில்கள் எப்படிச் சுருங்குகின்றன என்று கவனித்துப் பாருங்கள்.