துவர்க்கும் திராட்சை

ஷிராஸ் பாட்டிலின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு பத்தி இருக்கும். எந்தக் கம்பெனி பாட்டிலை எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே பத்திதான். பிளாக்பெர்ரி, பிளம், வயலட் பூ, கொஞ்சம் பதனிட்ட தோல், கொஞ்சம் புகை. நான் அதை ஓர் இலக்கிய வகைமையாகவே வாசிக்கிறேன். ஜவுளிக்கடை விளம்பரம் போல அதற்கும் விதிகள் உண்டு: பெயரடை நிறைய, வினைச்சொல் கம்மி, குறை என்று ஒன்று கிடையவே கிடையாது. செஞ்சியில் வளர்ந்து சாப்ட்வேர் வேலைக்குப் போன எனக்கு பிளாக்பெர்ரி முதலில் அறிமுகமானது போனாகத்தான். அப்படி ஒரு பழம் இருப்பதே பிறகுதான் தெரியும்.

தமிழில் ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்களும் இந்தப் பட்டியலை அப்படியே தமிழ் எழுத்தில் இறக்கிவிடுகிறார்கள். வாசிக்கிறவன் நாக்கில் எதுவும் நடப்பதில்லை. என் கட்சி என்னவென்றால், இந்த ஒரு திராட்சையைப் புரிந்துகொள்ள நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. துவர்ப்பு.

நமக்குத் திராட்சை என்றாலே இனிப்பு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து டம்ளரில் வருமே, அந்தச் சர்க்கரைப் பாகு. இந்த இரண்டோடு வளர்ந்த வாய்க்கு முதல் மிடறு ஷிராஸ் ஒரு அடி. 'என்னடா, சர்க்கரை போட மறந்துட்டானா?' மறக்கவில்லை. பழத்தில் இருந்த சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிட்டது. கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் சாறு அநேகமாக நிறமில்லாமல்தான் வரும். தோலோடும் விதையோடும் நாள்கணக்கில் ஊறப்போட்டுத்தான் அந்தக் கருஞ்சிவப்பு கிடைக்கிறது. நிறத்தோடு சேர்ந்து டானினும் இறங்குகிறது. டானின் எச்சிலிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ள, நாக்கின் வழவழப்பு போய்விடுகிறது. வாய் நனைந்திருக்கிறது, ஆனால் காய்ந்தது போலிருக்கிறது.

இங்கே ஆங்கிலம் திணறுவதைக் கவனிக்க வேண்டும். உலர்ந்தது என்பதற்கான 'டிரை' என்ற சொல்லை அவர்கள் சர்க்கரை இல்லாத ஒயினுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இந்த உணர்வுக்கு வெல்வெட், பிடிப்பு, முதுகெலும்பு என்று துணிக்கடைக்கும் எலும்பு டாக்டரிடமும் ஓட வேண்டியிருக்கிறது. துவர்ப்பை நேராகச் சுட்டும் சொல் அவர்களிடமும் இருக்கிறது, ஆனால் அடுப்படியில் யாரும் அதைப் பேசுவதில்லை. நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்தால் பாட்டி திட்டுவது இதற்காகத்தான். பாக்கு, கடுக்காய், மாதுளைத் தோல் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கே தெரிந்த விஷயம். துவர்ப்பு சுவையா தொடுவுணர்வா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடட்டும். எனக்கு அது நாவல்பழம்.

வாயை நீலமாக்குகிற அந்தப் பழத்தையும் ஷிராஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் ஒரு புளிப்பு, நடுவில் பழத்தின் கனம், கடைசியில் நாக்கின் ஓரங்களை உள்ளே இழுக்கிற துவர்ப்பு. வரிசை அப்படியே பொருந்துகிறது. பிளாக்பெர்ரி என்று எழுதியிருக்கிற இடத்தில் நாவல்பழம் என்று எழுதிவிட்டால், அது உள்ளூர்ச் சாயம் பூசுவதாகாது. துல்லியமும் கூடுகிறது.

அடுத்தது மிளகு. பின்பக்கப் பத்தியில் எனக்கு முழுச் சம்மதமான ஒரே சொல் இது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸில் மிளகு மணப்பதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: ரோட்டன்டோன் என்ற மூலக்கூறு. மிளகிலும் மணம் தருவது அதுதான். ஆக, ஷிராஸில் மிளகு என்பது உவமையே இல்லை, செய்தி. இதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பெயர் வந்த வழி. அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது கோரைக்கிழங்கிலிருந்து. கோரையின் தாவரவியல் பெயரிலிருந்துதான் ரோட்டன்டோன். எங்கள் பக்கத்து நெல் வயல்களில் சபித்துக்கொண்டே பிடுங்குவார்களே, நலங்கு மாவில் காயவைத்து அரைத்துப் போடுவார்களே, அதே கோரை. ஒரு எச்சரிக்கை: அந்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை சுத்தமாகத் தெரியவில்லை. மூக்கின் அமைப்பு அப்படி. ஒயின் தெரிந்தவர் மிளகு என்று சொல்லி உங்களுக்கு வரவில்லையென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஷிராஸ் ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்ற கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் 1990களின் இறுதியில் டிஎன்ஏ சோதனை அதை முடித்துவைத்தது. துரேசா, மோண்டூஸ் பிளாஞ்ச் என்ற இரண்டு தென்கிழக்குப் பிரெஞ்சு ரகங்களின் பிள்ளை அது. அங்கே அதன் பெயர் சிரா.

எங்கள் ஊரில் ஒயின் பேச்சு வந்தால் யாராவது பிரெஞ்சுக்காரர்களை இழுப்பார்கள். 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்து 1761 வரை வைத்திருந்தவர்கள் ஆயிற்றே. எனக்கு அதைவிடப் பழைய கணக்கு ஒன்று முக்கியம். பாண்டிச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பகுதியின் ஆம்போரா ஜாடிச் சில்லுகள் கிடைத்தன. அவற்றில் பல ஒயின் ஏற்றிவந்தவை. மேற்குக் கரையில் யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. அன்று மிளகு போனது, ஒயின் வந்தது. இன்று மிளகின் மணம் ஒயினுக்குள்ளேயே இருந்துகொண்டு வருகிறது.

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் தந்த தேறலைப் பாடுகிறார். அதற்கு அவர் தரும் அடைமொழியில் இரண்டே செய்தி: குளிர்ச்சி, மணம். ஒன்று தோலுக்கு, ஒன்று மூக்குக்கு. அவ்வளவு சிக்கனம். நவீன தமிழ்ப் புனைவில் குடி தாராளமாக வருகிறது. டாஸ்மாக் வருகிறது, பாட்டில் உடைகிறது, வீடு உடைகிறது. குடித்தவன் வாயில் என்ன நடந்தது என்பது மட்டும் அநேகமாக வருவதில்லை. குடி ஒன்று பாவம், இல்லாவிட்டால் கலகம். வள்ளுவர்கூட இவ்வளவு இறுக்கமில்லை. கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரம் முழுக்க ஒதுக்கியவர், காமத்துப்பாலில் காதலின் மகிழ்ச்சியை அளக்க அதே கள்ளைத்தான் எடுக்கிறார்: கள் உண்டவனை மட்டும் மகிழ்விக்கும், காமம் கண்டவனையே மகிழ்விக்கும் என்று.

இறுக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் பத்துப் பேருக்கு மேல் கொன்றது. செஞ்சியும் மரக்காணமும் ஒரே விழுப்புரம் மாவட்டம். அடுத்த வருஷம் ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். இரண்டிலும் மெத்தனால். செத்தவர்கள் சுவைக்காகக் குடிக்கவில்லை, உடம்பு வலி தெரியாமல் இருக்கக் குடித்தவர்களே அதிகம். இந்த மாவட்டத்துக்காரன் ஒயின் ரசனை பற்றி எழுதினால் 'உனக்கென்னப்பா' என்று ஒரு குரல் கேட்கும். நியாயமான குரல். ஒரு ஷிராஸ் பாட்டிலின் விலை இங்கே பலருக்கு ஒரு நாள் கூலியைவிட அதிகம். ரசனை என்று பெயர் வைத்தால் போதை குறைந்துவிடுவதுமில்லை. பதின்மூன்று, பதினான்கு சதவீத ஆல்கஹால் இருக்கிற பானம் அது, கல்லீரலுக்கு நல்ல தமிழ் புரியாது. ஆனாலும் சுவையைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஆக்கிவிட்டால், குடியைப் பற்றி நம்மிடம் மிஞ்சுவது கணக்கும் ஒப்பாரியும்தான். நக்கீரரின் இரண்டு செய்திகளுக்கு அதில் இடமில்லை.

குளிர்ச்சி என்றதும் ஒரு நடைமுறைச் சங்கதி. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கணும் என்பார்கள். அது ஐரோப்பிய அறை. பதினாறு, பதினெட்டு டிகிரி. கருங்கல் மலை மூன்றும் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி திருப்பித் தருகிற எங்கள் ஊரில் அறை வெப்பத்து ஷிராஸ் இருமல் மருந்து. அரைமணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்கணும். கூடவே காரமான குழம்பு வேண்டாம். மிளகாயும் ஆல்கஹாலும் சேர்ந்து வாயை எரித்துவிடும். கொழுப்புள்ள ஆட்டுக்கறியை மிளகு மட்டும் போட்டு வறுத்தால் துவர்ப்பு அடங்கி, பழம் முன்னால் வருகிறது. கறி சாப்பிடாதவர்களுக்கு உப்புப் போட்டு வறுத்த வேர்க்கடலை. மல்லாட்டை என்றால்தான் எங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும்.