மாதிரியும் வரைபடமும்: தேனிப் பட்டறைகளில் அளவு படிக்கும் கல்வி

கம்பம் பள்ளத்தாக்கின் சிறு லேத் பட்டறைகள் பெரும்பாலும் பழுதுபார்க்கும் வேலையை நம்பி இயங்குபவை. டிராக்டர், மோட்டார் பம்பு முதலியவற்றின் தேய்ந்த பாகத்தையே மாதிரியாகக் கொடுத்து, அதைப் போல இன்னொன்று கடைந்து தரச் சொல்வது வழக்கமாதலால், அங்கே தொழில் பழகும் இளைஞர் தாளில் உள்ள கோடுகளுக்கு முன்பே கையில் உள்ள இரும்பைப் படிக்கக் கற்கிறார். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது; வெர்னியர் காலிப்பர் பிடிக்கும் பக்குவமும், ஒரு பாகம் எதனோடு பொருந்துகிறது, எந்தப் பளுவைத் தாங்குகிறது என்னும் தெளிவும் இவ்வழியில் விரைவாகக் கைகூடுகின்றன.

ஆயினும், தேய்ந்த பாகம் தன் இன்றைய அளவைச் சொல்லுமேயன்றித் தனக்கு விதிக்கப்பட்ட அளவைச் சொல்லாது. 24.90 மில்லிமீட்டர் காட்டும் பழைய தண்டு புதிதாக இருந்தபோது எவ்வளவு இருந்தது என்பதை அனுபவசாலி ஊகிக்கலாம். வரைபடமோ அதை ஐயமின்றி உரைக்கும். தண்டுக்கு 25 ஜி6 என்றும் துளைக்கு 25 ஹெச்7 என்றும் அதில் குறித்திருந்தால், தண்டு 24.980 முதல் 24.993 வரையும், துளை 25.000 முதல் 25.021 வரையும் இருக்கலாம் என்பது பொருள். இவ்வாறு அனுமதிக்கப்படும் ஏற்ற இறக்கமே டாலரன்ஸ் எனப்படும். இரண்டுக்கும் இடையிலான தளர்வு 7 மைக்ரானுக்குக் குறையாமலும் 41 மைக்ரானுக்கு மிகாமலும் அமைய வேண்டும் என்ற வடிவமைப்பாளரின் கருத்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கில், அந்தச் சிறு குறிகளுக்குள் அடங்கியிருக்கிறது.

வகுப்பறைக் கல்வி இக்குறையை நிரப்புகிறதா என்றால், பாதியளவே நிரப்புகிறது. போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரி இணைந்துள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, முதலாண்டு எஞ்சினியரிங் கிராபிக்ஸ் பாடம் புள்ளி, கோடு, தளம், திண்மம் ஆகியவற்றின் வீழ்ப்புகளையும் வெட்டுத்தோற்றங்களையும் வரையக் கற்பித்தது. டாலரன்ஸுக்கு அதில் இடமிருக்கவில்லை. பென்சிலால் வரைந்து பழகுவது பொருளை மனத்தில் திருப்பிப் பார்க்கும் ஆற்றலை வளர்க்கிறது என்பது மெய்யே, ஆனால் வரையும் திறனும் படிக்கும் திறனும் ஒன்றல்ல. இந்தியாவில் கற்பிக்கப்படும் முதல்கோண முறையில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே அமையும். அமெரிக்க நிறுவனங்கள் கையாளும் மூன்றாம்கோண முறையில் அதற்கு மேலே அமையும். தாளின் மூலையில், அவசரத்தில் பலரும் பாராமல் விடும் கூம்புச் சின்னமே இவ்வேறுபாட்டைச் சுட்டுவது. அதைக் கவனியாதவர் கடையும் பாகம் சாவிப்பள்ளம் இடம் மாறிக் கழிவுக்குப் போகக்கூடும்.

ஆகவே, ஐ.டி.ஐ.களும் கல்லூரிகளும் கோட்டின் அழகுக்கு மட்டும் மதிப்பெண் வழங்காமல், ஒரு வரைபடத்தையும் கடைந்து முடித்த ஒரு பாகத்தையும் சேர்த்துக் கொடுத்து, அதை ஏற்பதா தள்ளுவதா என்று மாணவரை அளந்து முடிவு செய்யச் சொல்லி, அம்முடிவுக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.