கொக்கோ விவசாயியின் ஊக்கத்தை அளப்பது எப்படி?

உழவனுக்கு வேலையில் நாட்டம் உண்டா என்றறிய இன்று ஒரு வினாத்தாள் போதும் என்றாகிவிட்டது. 'கடுமையாக உழைக்க விரும்புகிறீர்களா?' என்று கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். கருவியைச் சோதிக்காமல் அளவை நம்பலாகாது என்பது ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம். ஆகவேதான் பாலி ஹில் அம்மையார் 1963-இல் வெளியிட்ட, தென் கானாவின் புலம்பெயர் கொக்கோ விவசாயிகளைப் பற்றிய ஆங்கில நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். (தசைகளில் தோன்றும் வெப்பத்தை ஆராய்ந்து 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்ற ஏ. வி. ஹில்லின் மகள் இவர். அளக்கும் பழக்கம் வீட்டிலேயே தொற்றியிருக்கும்!)

1890-இல் கொக்கோ ஏற்றுமதி என்று சொல்ல எதுவுமில்லாத கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா, 1911-இல் உலகிலேயே அதிகம் விளைவிக்கும் நாடாயிற்று. குடிசையோரத்தில் நாலு மரம் நட்ட ஏழைக் குடியானவர்களின் செயல் இது என்றே பலரும் நம்பினர். அம்மையார் இதை மறுக்கிறார். அக்குவாப்பிம் மலைப்பகுதியினரும் குரோபோ மக்களும் பிறரும் மேற்கே சென்று, தலைவர்களிடம் காட்டை விலைக்கு வாங்கினர். பலர் குழுவாகச் சேர்ந்து வாங்கி, கயிற்றால் அளந்து நீண்ட பட்டைகளாகப் பங்கிட்டுக் கொண்டனர். ஒரு தோட்டத்தின் வருமானம் அடுத்த நிலத்துக்கு முதலாயிற்று. நட்ட மரம் காய்க்கவே சில ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் காத்திருப்பவனுக்கு ஊக்கமில்லை என்று யார் சொல்வது?

சான்று கிடைத்த இடம் சுவையானது. மாவுப்பூச்சிகளால் பரவும் தண்டுவீக்க வைரஸ் நோயைத் தடுக்க, வேளாண் துறையினர் தோட்டங்களை அளந்து வரைபடமாக்கியிருந்தனர். நிலத்தை வாங்கிய முறை அந்தப் பட்டைகளில் அப்படியே பதிந்து கிடந்தது! நோயுற்ற மரங்களை வெட்ட வந்தபோது விவசாயிகள் எதிர்த்தார்கள்; அதை அறியாமை என்றவர்கள் உண்டு. இன்னும் காய் தரும் மரத்தை வெட்டினால் போவது யாருடைய முதல்? 1937-38-இல் ஐரோப்பியக் கம்பெனிகள் கூடி விலையைக் கட்டுப்படுத்தியபோது கொக்கோவை விற்காமல் நிறுத்தியவர்களும் இவர்களே. வினாத்தாள் இதற்கு என்ன மதிப்பெண் கொடுக்கும்?

ஆனால் நூலின் ஒளி நிலம் வாங்கியவன்மேல்தான் விழுகிறது. விளைச்சலில் மூன்றிலொரு பங்குக்கு உழைக்கும் 'அபுசா' தொழிலாளி ஓரத்தில் நிற்கிறான். மரம் அவனுடையதல்ல, அவனை ஊக்குவது எது? பாதிக் கேள்விக்கே இங்கு விடை கிடைக்கிறது. நடையும் கடினம்தான். படிக்க விரும்புவோர் வரைபடங்களை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு முதற் பக்கத்துக்கு வருவது நல்லது.