அரங்கு நீங்கிய திரை: பெங்களூருத் தமிழ்ப் பார்வையாளரை முன்வைத்து

டிஜிட்டல் தொழில்நுட்பம் திரைப்படத்தில் நிகழ்த்திய மாற்றங்களை ஒரே தன்மையனவாகக் கருதும் போக்கு ஆய்வுலகில் காணப்படுகின்றது. அது பொருந்துவதாக இல்லை. சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் உருவாக்கிய கியூப் முறை 2000களில் பரவியபோது படப்பெட்டி மறைந்தது; பார்வையாளர் கூட்டம் மறையவில்லை. இணையவழித் திரையிடலோ கூட்டத்தையே கலைத்துவிட்டது.

இதற்குப் பெங்களூரு தக்க சான்றாகும். கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்னும் பொருள்படக் கமல்ஹாசன் பேசியதால் எழுந்த எதிர்ப்பினால், 2025 ஜூன் 5இல் வெளிவந்த 'தக் லைஃப்' கர்நாடக அரங்குகளில் அன்று வெளியாகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஜூலை 3இல் நெட்ஃபிளிக்ஸ் வழியாக அதே படம் அல்சூர், சிவாஜிநகர் இல்லங்களுக்குள் தடையின்றி நுழைந்தது. (படத்தின் கலைத்தரம் வேறு வினா, அதற்கு ஒருமித்த பாராட்டுக் கிட்டவில்லை.)

இதனைத் தொழில்நுட்பத்தின் வெற்றி எனக் கொள்வது எளிது. ஆயின் மறிக்கப்பட்டது படம் மட்டுமன்று. தமிழர் பொதுவிடத்தில் கூடித் தம் மொழியை உரத்துக் கேட்கும் வாய்ப்பும் ஆகும். 2018இல் 'காலா'வுக்கு எதிர்ப்பு எழுந்தபோதும் சிக்கலின் மையம் அரங்கின் வாயிலே. இணையம் படத்தை மீட்டுத் தந்தது, வாயிலை மீட்கவில்லை. கைப்பேசியில் தனித்துச் சிரிக்கும் பார்வையாளருக்கு அருகிருக்கை இல்லை.